மொபைல் செயலிக்குத் தீம் அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் இருந்துகொண்டு, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளுக்கும் பொள்ளாச்சித் தோப்புக்காரர்களுக்கும் செயலி செய்துகொடுக்கும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். அவர்கள் கேட்கும் ஐயங்களில் பெரும்பாலானவை தீம் பற்றியவை. ஒரே விடையைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். விடைகள், கூகுளின் தோற்ற வடிவமைப்பு முறையான மெட்டீரியல் டிசைனின் மூன்றாம் பதிப்பையும், செயலி எழுதும் கருவித்தொகுப்பான ஃபிளட்டரையும் வைத்து எழுதப்பட்டவை. ஆண்ட்ராய்டுக்கான இன்னொரு கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸில் எழுதுவோருக்குப் பெயர்கள் மாறுமே தவிரக் கருத்து மாறாது.

தீம்னா கலர் மாத்தறது மட்டும்தானுங்களா?

இல்லை. நிறம் அதில் ஒரு பகுதி. எழுத்தின் அளவும் தடிமனும், வரிகளுக்கு இடையிலான உயரம், அட்டைகளும் பொத்தான்களும் கொள்ளும் மூலை வளைவு, ஒரு பரப்பு இன்னொன்றின் மேல் நிற்பதைக் காட்டும் முறை ஆகிய அனைத்தும் தீமுக்குள் அடங்கும். செயலி முழுவதற்கும் பொருந்தும் தோற்ற முடிவுகளை ஒரே இடத்தில் எழுதி, எல்லாத் திரைகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வதே தீம்.

கூகுள் 2014 இல் மெட்டீரியல் டிசைனை வெளியிட்டபோது எல்லாச் செயலிகளும் ஏறத்தாழ ஒரே முகத்துடன் இருந்தன. 2018 இல் வந்த இரண்டாம் கட்டம் நிறம், எழுத்து, வடிவம் மூன்றையும் அவரவர் விருப்பப்படி மாற்ற வழி செய்தது. 2021 இல் ஆண்ட்ராய்டு 12 உடன் வந்த மூன்றாம் பதிப்பு, ஒரே ஒரு நிறத்திலிருந்து முழு வண்ணத்தொகுதியையும் கணக்கிட்டுத் தரும் முறையைக் கொண்டுவந்தது. கீழே வரும் குழப்பங்களில் பல அந்தக் கணக்கீட்டைப் புரிந்துகொள்ளாததால் எழுபவை.

அந்தந்த இடத்துல நேரா கலரைப் போட்டாலும் வேலை நடக்குதே, அப்புறம் எதுக்குங்க தீம்?

தொடக்கத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஒரு சாயப்பட்டறைக்குச் செய்த செயலியில் பின்னணி, எழுத்து, கோடு என எல்லா இடத்திலும் நிறங்களைக் கையாலேயே எழுதியிருந்தேன். இரவு ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள், வெள்ளைத் திரை கண்ணைக் கூசச் செய்கிறது, கறுப்புத் திரை வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளை என்று எழுதிய இடங்களையெல்லாம் தேடி மாற்றத் தொடங்கியபோதுதான் தவறு புரிந்தது. ஓரிடத்தில் வெள்ளை என்பது திரையின் பின்னணியாக இருந்தது. இன்னோரிடத்தில் நீலப் பொத்தானின் மேலிருந்த எழுத்தாக இருந்தது. மற்றோரிடத்தில் இரு பட்டியல்களைப் பிரிக்கும் கோடாக இருந்தது. முன்னது கறுப்பாக வேண்டும், நடுவிலுள்ளது அப்படியே இருக்க வேண்டும், பின்னது சாம்பலாக வேண்டும். எது எது என்று ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழி இருக்கவில்லை.

நான் எழுதிவைத்தது நிறத்தை. எழுதிவைத்திருக்க வேண்டியது அந்த நிறம் செய்யும் வேலையை. தீம் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். பின்வரும் விடைகள் பலவற்றில் இதற்கே திரும்பி வருவேன்.

டோக்கன், டோக்கன்னு சொல்றாங்களே, அது என்னங்க?

ஒரு தோற்ற முடிவுக்கு வைக்கும் பெயர். மெட்டீரியலில் அது மூன்று அடுக்காக இருக்கிறது. திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஷேடு கார்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எந்த ஆடைக்கானது என்று அதில் எழுதியிருக்காது. இது முதல் அடுக்கு. ஆர்டர் தாளில் உடல் துணிக்கு இந்த எண், கழுத்து ரிப்புக்கு அந்த எண், தையல் நூலுக்கு வேறோர் எண் என்று குறித்திருப்பார்கள். இங்கே நிறத்துக்கு வேலை ஒதுக்கப்படுகிறது. இது இரண்டாம் அடுக்கு. இந்த மாடலில் பாக்கெட்டின் விளிம்புத் தையல் மட்டும் ரிப்பின் நிறத்தில் வரட்டும் என்று தனியாக எழுதுவது மூன்றாம் அடுக்கு.

செயலியில் நீங்கள் அன்றாடம் புழங்க வேண்டியது இரண்டாம் அடுக்கு. பிரைமரி (முதன்மை நிறம்), சர்ஃபேஸ் (பரப்பு), எரர் (பிழை) போன்ற பெயர்கள் அங்குதான் இருக்கின்றன. முதல் அடுக்கின் எண்களைத் திரைக்கான நிரலில் நேரடியாக எழுதத் தொடங்கினால், மேலே சொன்ன சாயப்பட்டறைச் செயலியின் கதிதான் வரும்.

முதல் வரியை எங்கே எழுதோணும்?

ஃபிளட்டரில் திரையின் ஒவ்வொரு கட்டுமானத் துண்டும் ஒரு விட்ஜெட். செயலி முழுவதையும் சூழ்ந்து நிற்கும் மெட்டீரியல்ஆப் என்ற விட்ஜெட்டுக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன: பகல் தோற்றத்துக்கான தீம், இரவுத் தோற்றத்துக்கான டார்க்தீம், எதைக் காட்டுவது என்று சொல்லும் தீம்மோட். முதல் இரண்டிலும் தீமின் மதிப்புகளைத் தாங்கும் ஒவ்வொரு தீம்டேட்டா வைத்து, அவற்றின் கலர்ஸ்கீமை, அதாவது வண்ணத்தொகுதியை, ஃப்ரம்சீட் என்ற முறையால் உருவாக்குங்கள். இரண்டுக்கும் ஒரே விதை நிறத்தை (மற்ற நிறங்களைக் கணக்கிட எடுக்கும் தொடக்க நிறத்தை) கொடுத்து, பகலா இரவா என்று சொல்லும் பிரைட்னஸ் மதிப்பை மட்டும் மாற்றினால் போதும். இதைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். முதன்மைக் கோப்பிலேயே எழுதினால் சில வாரங்களில் அது நானூறு வரிகளுக்கு வளர்ந்துவிடும்.

2023 நவம்பரில் வந்த ஃபிளட்டர் 3.16 முதல் மூன்றாம் பதிப்புத் தோற்றமே இயல்பாக வருகிறது. அதற்கு முந்தைய பாடக் காணொளிகளில் யூஸ்மெட்டீரியல்3 என்று தனியாக எழுதச் சொல்வார்கள். இப்போது அது தேவையில்லை. பிரைமரிஸ்வாட்ச் என்ற சொல்லுடன் தொடங்கும் பாடம் கண்ணில் பட்டால், அது பழைய முறை என்று அறிந்து கடந்து செல்லுங்கள்.

ஒரே ஒரு கலர் குடுத்தா மத்ததெல்லாம் எப்படிங்க தானா வருது?

மெட்டீரியல் ஒரு நிறத்தை மூன்று அளவுகளாகப் பிரிக்கிறது. அது சிவப்பா, பச்சையா, நீலமா என்பது சாயல். எவ்வளவு அழுத்தமான நிறம், எவ்வளவு சாம்பல் கலந்தது என்பது செறிவு. எவ்வளவு வெளிர், எவ்வளவு இருள் என்பது தொனி. தொனி 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. நீங்கள் கொடுத்த விதை நிறத்திலிருந்து சாயலை எடுத்துக்கொண்டு முதன்மை, இரண்டாம், மூன்றாம் வண்ணங்களுக்கும், சற்றே சாயலேறிய இரு சாம்பல்களுக்கும் தொனி வரிசைகளை அது உருவாக்குகிறது. பிறகு வேலைக்கேற்ற தொனியை எடுத்து ஒதுக்குகிறது. பகல் தோற்றத்தில் பிரைமரிக்கு 40 ஆம் தொனியும், அதன்மேல் எழுதும் ஆன்பிரைமரிக்கு 100 ஆம் தொனியும் வரும். இரவுத் தோற்றத்தில் பிரைமரி 80 க்கும் ஆன்பிரைமரி 20 க்கும் மாறும்.

இந்த எண்களுக்குக் காரணம் இருக்கிறது. இரு நிறங்களுக்கிடையே தொனி வேறுபாடு 50 இருந்தால், சாயல் எதுவாக இருந்தாலும் 4.5க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதம் கிடைத்துவிடும். சிறிய எழுத்தைச் சிரமமின்றிப் படிக்க வலைத்தள அணுகல் விதிகள் கேட்கும் அளவு அது. ஆகவே பிரைமரியையும் ஆன்பிரைமரியையும், சர்ஃபேஸையும் ஆன்சர்ஃபேஸையும் ஜோடி பிரிக்காமல் பயன்படுத்தும் வரை படிக்க முடியுமா என்ற கவலை உங்களுக்கு வேண்டியதில்லை. ஒரு ஜோடியின் பின்னணியையும் வேறொரு ஜோடியின் எழுத்தையும் கலந்தால், அந்த உறுதி அங்கேயே போய்விடுகிறது.

எங்க கம்பெனிச் சிவப்பைத்தான் குடுத்தேன், ஆனா வேற சிவப்பு வருதுங்க. பிழையா?

பிழை இல்லை, என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். விதை நிறம் என்பது விதைதான், விளைச்சல் அல்ல. முந்தைய விடையில் சொன்னபடி சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு, தொனியை 40 க்கு மாற்றி, இயல்பு நிலையில் செறிவையும் மட்டுப்படுத்துகிறது. அதனால் லோகோவில் பளிச்சென்று இருக்கும் சிவப்பு, செயலியில் மங்கிய செங்கல் நிறமாகத் தெரியும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஃப்ரம்சீட் முறையிலேயே வகை ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபிடெலிட்டி என்ற வகை, கொடுத்த நிறத்துக்கு நெருக்கமாக நிற்கும். இரண்டாவது வழி, ஃப்ரம்சீட் தந்ததை வைத்துக்கொண்டு பிரைமரியை மட்டும் உங்கள் சரியான நிறத்தால் மாற்றி எழுதுவது. அப்படிச் செய்தால் ஆன்பிரைமரியையும் நீங்களே தீர்மானித்து, விகிதத்தை அளந்து பார்க்க வேண்டும். இரவுத் தோற்றத்துக்கும் அதையே தனியாகச் செய்ய வேண்டும். மூன்றாவது, கம்பெனி நிறத்தை லோகோவிலும் தொடக்கத் திரையிலும் மட்டும் வைத்து, பொத்தான்களுக்குக் கணக்கிட்ட நிறத்தையே விடுவது. கணக்கு, பில், சரக்கு இருப்பு போன்ற வேலைச் செயலிகளுக்கு நான் மூன்றாவதையே பரிந்துரைக்கிறேன். நாள் முழுவதும் பார்க்கும் திரையில் அழுத்தமான சிவப்பு ஒவ்வொரு பொத்தானிலும் இருந்தால் கண் களைத்துப்போகும். பிழைச் செய்தியின் சிவப்பும் அதில் கரைந்துவிடும்.

உரிமையாளரிடம் இதை விளக்குவது நிரல் எழுதுவதைவிடக் கடினம். திருப்பூர்க்காரராக இருந்தால் லேப் டிப் நினைவூட்டுங்கள். பையர் கொடுத்த எண்ணுக்குச் சாயம் போட்டுப் பார்த்து, லைட் பாக்ஸில் பகல் ஒளியிலும் கடை விளக்கொளியிலும் வைத்துச் சோதித்து, ஒப்புதல் வாங்கிய பிறகுதானே மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகிறது? அதுபோலவே ஒரு திரையை மூன்று வழிகளிலும் செய்து, விலை குறைந்த போன் ஒன்றிலும் விலை உயர்ந்த போன் ஒன்றிலும் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கணினித் திரையில் காட்டி வாங்கிய ஒப்புதல் நிலைப்பதில்லை.

மண்டிக்காரர் மஞ்சள் கலர்தான் வேணும்ங்கறார். வெள்ளை எழுத்துப் போட்டா தெரியவே மாட்டேங்குது, என்ன பண்றது?

ஈரோட்டு மஞ்சள் 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அவர் அந்த நிறத்தில் பிடிவாதமாக இருப்பது நியாயமே. ஆனால் மஞ்சள் தன் இயல்பிலேயே உயர்ந்த தொனி கொண்ட நிறம். அதை 40 ஆம் தொனிக்கு இறக்கினால் மஞ்சளாக இருக்காது, பாசி படிந்த பழுப்பாகிவிடும். இறக்காமல் வைத்தால் வெள்ளை எழுத்து அதன்மேல் நிற்காது.

மஞ்சளை மஞ்சளாகவே விட்டு, அதன்மேல் அடர் பழுப்பிலோ கறுப்பிலோ எழுதுங்கள். மஞ்சளைப் பிரைமரி கன்டெய்னராக, அதாவது பிரைமரியின் சாயலில் பின்னணிக்கென வரும் நிறமாக வைத்து, தலைப்புப் பட்டை, தேர்ந்தெடுத்த வரிசை, மிதக்கும் பொத்தான் ஆகியவற்றுக்கு அதைக் கொடுங்கள். வெள்ளைப் பின்னணியின்மேல் வரும் இணைப்புகளுக்கும் சின்னங்களுக்கும் பழுப்பேறிய பிரைமரி இருக்கட்டும். மண்டியில் விரலியையும் கிழங்கையும் ஏலத்தில் பார்த்துப் பழகிய ஒருவரிடம் இப்படிச் செய்த திரையைக் காட்டியபோது, இதுதான் காய்ந்த மஞ்சளின் நிறம் என்று மகிழ்ந்தார்.

பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி எதை எங்கே போடறதுன்னே தெரியலீங்க.

திரையில் பயனர் செய்ய வேண்டிய முதன்மைச் செயலுக்குப் பிரைமரி. வடிகட்டிகள், தேர்வுப் பட்டைகள் போன்ற துணைச் செயல்களுக்குச் செகண்டரி. கண்ணை ஒரு கணம் ஈர்க்க வேண்டிய தனிப்பட்ட இடத்துக்கு மட்டும் டெர்ஷியரி. ஐயம் வந்தால் டெர்ஷியரியைத் தொடாமல் விடுங்கள். அதனால் எந்தச் செயலியும் கெட்டதில்லை.

டார்க் மோட்னா வெள்ளையைக் கறுப்பாக்கி, கறுப்பை வெள்ளையாக்கினாப் போதாதுங்களா?

போதாது. பகலில் ஓர் அட்டை மேலெழுந்து நிற்பதை நிழலால் காட்டுகிறோம். கருமையின்மேல் நிழல் தெரியாது. ஆகவே இரவுத் தோற்றத்தில் மேலே நிற்கும் பரப்பு சற்று வெளிறித் தெரிய வேண்டும். மெட்டீரியலின் அடிப்படைப் பரப்பு இரவில் 6 ஆம் தொனியில் இருக்கிறது. அதன்மேல் வரும் சர்ஃபேஸ் கன்டெய்னர்கள் 10, 12, 17, 22 என்று படிப்படியாக வெளிறுகின்றன. அட்டைக்கும் உரையாடல் பெட்டிக்கும் இந்தப் பெயர்களைப் பயன்படுத்தினால் இரண்டு தோற்றங்களிலும் அடுக்கு தெளிவாகத் தெரியும்.

ஓஎல்ஈடி திரைகளில் முழுக் கறுப்புப் புள்ளிகள் ஒளிர்வதில்லை, மின்கலம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனாலும் முழுக் கறுப்பின்மேல் முழு வெள்ளை எழுத்து இருட்டறையில் கண்ணை உறுத்தும். நூற்பாலையின் இரவு ஷிப்டுக்குச் செய்யும் செயலியில் 6 ஆம் தொனியையே நான் வைக்கிறேன். மறந்துபோகும் இன்னொன்று படங்கள்: வெள்ளைச் சதுரத்துக்குள் இருக்கும் லோகோ, கறுப்புக் கோட்டில் வரைந்த சின்னம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த துணி மாதிரிப் படம் ஆகிய எல்லாவற்றையும் இரவில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

யூசர் டார்க் வெச்சிருந்தாலும் ஆப் திறக்கறப்ப ஒரு நொடி வெள்ளையா அடிக்குதுங்க.

இதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். பயனரின் தேர்வைச் செயலி தொடங்கிய பிறகு படிப்பதால், முதல் திரை இயல்புத் தோற்றத்தில் வரைந்துவிடுகிறது. செயலியைத் தொடங்கிவைக்கும் ரன்ஆப் அழைப்புக்கு முன்பே அந்த மதிப்பைப் படித்து வைத்துக்கொண்டால் இது நிற்கும். மற்றொன்று, ஃபிளட்டர் எழுவதற்கு முன் தெரியும் தொடக்கத் திரை. அது ஃபிளட்டர் தீமுக்குக் கட்டுப்படாது. ஆண்ட்ராய்டின் சொந்த வள அடைவுகளில், இரவுக்கான அடைவில் தனியாக நிறம் எழுத வேண்டும். அது போனின் அமைப்பைப் பின்பற்றுமே ஒழிய, உங்கள் செயலிக்குள் செய்த தேர்வைப் பின்பற்றாது. ஆகவே பகலுக்கும் இரவுக்கும் ஒத்துப்போகும் நடுத்தர நிறம் ஒன்றை அங்கே வைப்பது பாதுகாப்பு.

வால்பேப்பர் கலருக்கு ஏத்த மாதிரி ஆப் மாறுதாமே, அதையும் போட்டுடலாங்களா?

ஆண்ட்ராய்டு 12 முதல் அந்த வசதி இருக்கிறது. குறிப்பெழுதும் செயலி, நாட்காட்டி, சொந்தக் கணக்குச் செயலி போன்றவற்றுக்கு அது இதமாக இருக்கும். கடைக்கும் கம்பெனிக்கும் செய்யும் செயலியில் வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் போனில் பச்சையாகவும் இன்னொருவர் போனில் ஊதாவாகவும் தெரியும் பொத்தானை, அந்த நீலப் பொத்தானை அழுத்துங்கள் என்று தொலைபேசியில் வழிகாட்ட முடியாது. பழைய போன்களுக்கும் ஐபோனுக்கும் எப்படியும் உங்கள் சொந்த வண்ணத்தொகுதி தேவைப்படும்.

தமிழ்ல போட்டா எழுத்து வெட்டுப்படுது, பட்டன் உடையுது. இங்கிலீஷ்ல நல்லாத்தான் இருக்கு. ஏனுங்க?

மெட்டீரியலின் எழுத்து அளவுகள் பதினைந்தும் இலத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வகுத்தவை. மிகப் பெரிய டிஸ்பிளே எழுத்து 57 அளவுக்கு 64 வரி உயரம், நடுத்தர பாடி எழுத்து 14 அளவுக்கு 20 வரி உயரம் என்று போகும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும், கீழே கூ, மூ, ழு போன்றவற்றின் இறங்கு கோடுகளும் உண்டு. பெரிய தலைப்பு இரண்டு வரியாக மடங்கும்போது மேல்வரியின் கீழ்க்கோடும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்து அமைப்புகளைத் தாங்கும் டெக்ஸ்ட்தீமில் ஒவ்வொரு அளவின் வரி உயரத்தையும் தமிழுக்கென உயர்த்துங்கள். சிறிய எழுத்துகளுக்கு 1.5 மடங்கும், தலைப்புகளுக்கு 1.4 மடங்கும் என் அனுபவத்தில் சரியாக வருகின்றன. எழுத்து இடைவெளி மதிப்பைத் தமிழுக்குச் சுழியம் ஆக்குங்கள். பெரிய பாடி எழுத்துக்கு மெட்டீரியல் 0.5 இடைவெளி வைத்திருக்கிறது. அது ஆங்கிலத்துக்கு அழகு, தமிழ்ச் சொல்லையோ சிதறடித்துக் காட்டும்.

பொத்தான் உடைவதற்குக் காரணம் நீளம். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஒட்டுகள் சேரச் சேரச் சொல்லும் நீளும். உயரத்தையோ அகலத்தையோ நிலையான எண்ணாக எழுதாமல், குறைந்தபட்ச அளவு மட்டும் கொடுத்து உள்ளிருக்கும் எழுத்துக்கேற்ப விரியவிடுங்கள். அதற்கு முன் சொல்லையே பாருங்கள். சமர்ப்பிக்கவும் என்பதற்கு அனுப்பு என்றும், உறுதிப்படுத்தவும் என்பதற்குச் சரி என்றும் எழுதினால் பொத்தானும் பிழைக்கும், படிப்பவருக்கும் எளிது. தீமால் தீர்க்க முடியாத சிக்கலை நல்ல தமிழ் தீர்த்த இடங்கள் பல உண்டு.

போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களையும் நினைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டு 14 இல் எழுத்தை இருநூறு விழுக்காடு வரை பெருக்கலாம். வயது முதிர்ந்த விவசாயிகள் பலர் எழுத்தைப் பெரிதாக்கியே வைத்திருக்கிறார்கள். செயலிக்குள் அந்தப் பெருக்கத்தைத் தடுத்துவைப்பது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படி என்று அவரிடம் சொல்வதற்குச் சமம்.

எந்த ஃபாண்ட் போடலாம்?

ஆண்ட்ராய்டின் இயல்பு எழுத்துருவான ரோபோட்டோவில் தமிழ் கிடையாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எண்ணும் ஆங்கிலமும் ரோபோட்டோவிலும், தமிழ் போன் தரும் வேறொரு எழுத்துருவிலும் வரும். இரண்டும் அளவிலும் தடிமனிலும் ஒட்டாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன, பல தடிமன்களிலும் வருகின்றன. விலையும் எடையும் நிறைந்த திரைகளுக்கு எனக்கு முக்த மலர் பிடித்திருக்கிறது. பயன்படுத்தும் ஒவ்வொரு தடிமனுக்கும் உரிய கோப்பைச் சேருங்கள். இல்லாவிட்டால் இருப்பதையே கணினி தடித்துக் காட்டும், தமிழ்ச் சுழிகள் அடைந்துபோகும். கூகுள் ஃபாண்ட்ஸ் தொகுப்பு இயல்பாக எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கும். ஆனைமலை அடிவாரத் தோப்பில் சிக்னல் இல்லாதபோது அது வராது. கோப்பைச் செயலியோடு சேர்த்தே கொடுங்கள்.

மூலை வளைவை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெச்சுக்கலாங்களா?

வைக்கலாம், ஆனால் தேவையில்லை. மெட்டீரியல் 4, 8, 12, 16, 28 என்று அளவுகளைக் கொடுத்திருக்கிறது: அட்டைக்கு 12, உரையாடல் பெட்டிக்கு 28. சிறிய பொருளுக்குச் சிறிய வளைவு, பெரிய பொருளுக்குப் பெரிய வளைவு என்ற முறை தெரிந்தால் போதும்.

தீம்ல மாத்தியும் ஒரு பட்டன் மட்டும் மாறவே மாட்டேங்குது.

வரிசை இதுதான்: அந்தப் பொத்தானிலேயே எழுதிய ஸ்டைல் முதலில், இல்லையென்றால் அந்த வகைப் பொத்தானுக்கான தீம், அதுவும் இல்லையென்றால் கலர்ஸ்கீம். ஆகவே பொத்தானிலேயே யாராவது நிறம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து, வகை பொருந்துகிறதா என்று பாருங்கள். எலிவேட்டட் பொத்தானுக்குத் தீம் எழுதிவிட்டு, திரையில் ஃபில்ட் பொத்தானை வைத்திருப்பது நான் அடிக்கடி காணும் தவறு. தீம்டேட்டாவில் பிரைமரிகலரை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. மூன்றாம் பதிப்பின் விட்ஜெட்கள் கலர்ஸ்கீமைத்தான் பார்க்கின்றன.

வேறொரு பொறியும் இருக்கிறது. மெட்டீரியல்ஆப்பை உருவாக்கும் அதே விட்ஜெட்டின் கான்டெக்ஸ்டை (அந்த விட்ஜெட் எங்கே நிற்கிறது என்ற குறிப்பை) கொண்டு தீமைக் கேட்டால், அது மெட்டீரியல்ஆப்புக்கு மேலே நின்று கேட்பதாகும். அங்கே உங்கள் தீம் இன்னும் இல்லை, இயல்புத் தீமே கிடைக்கும். அந்தப் பகுதியைத் தனி விட்ஜெட்டாகப் பிரித்தால் சரியாகும்.

முட்டை விலை ஏறினா பச்சை, இறங்கினா சிவப்புன்னு காட்டோணும். பிரைமரி, எரர்னு எதுலயும் இது சேரலையே?

சேராது, சேர்க்கவும் கூடாது. விலை இறங்குவது பிழை அல்ல. நாமக்கல்லில் முட்டை வாங்குபவருக்கு அது நல்ல செய்தி. எரர் நிறத்தை எடுத்து அங்கே வைத்தால், இரண்டாம் கேள்வியில் சொன்ன தவறையே வேறு உருவில் செய்கிறோம். தீம்எக்ஸ்டென்ஷன் என்ற வகுப்பில் விலையேற்றம், விலையிறக்கம், மாற்றமில்லை என்று உங்கள் தொழிலின் பெயர்களிலேயே நிறங்களை எழுதுங்கள். அதில் காப்பிவித், லெர்ப் என்ற இரண்டு முறைகளையும் எழுதியாக வேண்டும். தீம் மாறும்போது ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நகர்வதற்கு லெர்ப் தேவை. பகல், இரவு இரண்டு தீம்டேட்டாக்களிலும் இதைச் சேர்க்க மறக்காதீர்கள். பகலில் மட்டும் சேர்த்துவிட்டால், இரவுக்கு மாற்றும்போது அந்த நிறங்கள் கிடைக்காமல் திரையில் பிழை வரலாம். கம்போஸில் இதற்கு இணையானது கம்போசிஷன்லோக்கல்.

பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாத பார்வை உடையவர்கள் நம்மிடையே உண்டு. ஆகவே மேல்நோக்கிய அம்பு, கீழ்நோக்கிய அம்பு, எண்ணுக்கு முன் கூட்டல் கழித்தல் குறி ஆகியவற்றை நிறத்தோடு சேர்த்தே காட்டுங்கள்.

வெயில்ல நின்னு பார்த்தா திரையே தெரியலீங்க. தீம்ல ஏதாவது செய்ய முடியுமா?

ஓரளவு முடியும். ஃப்ரம்சீட் முறையில் கான்ட்ராஸ்ட்லெவல் என்ற மதிப்பு இருக்கிறது. இயல்பாக 0, அதிகபட்சம் 1. கொப்பரைக் களத்திலும் தேங்காய் வெட்டும் இடத்திலும் புழங்கும் செயலிக்கு அதை உயர்த்தி வைத்து, இரவுத் தோற்றத்தை விருப்பத் தேர்வாக மட்டும் விடுங்கள். வெளிர் சாம்பல் எழுத்தை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். சின்னங்களுக்கும் பெட்டிக் கோடுகளுக்கும் குறைந்தது 3க்கு 1 விகிதம் வேண்டும். தொடும் இடம் 48 அலகுக்குக் குறையக் கூடாது. வேலை நடுவே அவசரமாகத் தொடும் கை அது.

ஒரே ஆப்பை மூணு கடைக்குக் குடுக்கறேன். மூணு தீம் எழுதோணுங்களா?

வேண்டாம். தீமை உருவாக்கும் செயற்கூறு ஒன்றே இருக்கட்டும். கடையின் விவரம் அதற்குள் போகட்டும்: விதை நிறம், தேவையானால் மாற்றி எழுத வேண்டிய பிரைமரி ஜோடி, லோகோவின் இரு வடிவங்கள், எழுத்துரு. நான்கைந்துக்கு மேல் போனால் அது தீம் அல்ல, வேறு செயலி. திரைக்கான நிரலில் இந்தக் கடையாக இருந்தால் என்ற நிபந்தனை ஒருமுறை நுழைந்துவிட்டால் பிறகு வெளியேறாது. விதை நிறத்தைச் சேவையகத்திலிருந்து எடுப்பவர்கள், கடைசியாகக் கிடைத்த மதிப்பைப் போனில் சேமித்துவையுங்கள்.

ஃபிளட்டரை அப்டேட் பண்ணினதும் தீம் ஃபைல் முழுக்க எச்சரிக்கையா வருதுங்க.

3.22 இல் பேக்ரவுண்ட், ஆன்பேக்ரவுண்ட், சர்ஃபேஸ்வேரியன்ட் என்ற பெயர்கள் கைவிடப்பட்டன. முறையே சர்ஃபேஸ், ஆன்சர்ஃபேஸ், சர்ஃபேஸ்கன்டெய்னர்ஹையஸ்ட் என்று மாற்றுங்கள். 3.27 இல் வித்ஒபாசிட்டி போய் வித்வேல்யூஸ் வந்தது. இவற்றில் சிலவற்றை டார்ட் ஃபிக்ஸ் கட்டளையே மாற்றிக்கொடுக்கும். மாற்றிய பின் இரவுத் தோற்றத்தைக் கண்ணால் பாருங்கள். பெயர் மாறும்போது தொனியும் மாறியிருக்கக்கூடும்.

புதுசா வர்ற பசங்க மறுபடியும் நேரா கலரைத்தான் எழுதறாங்க. எப்படித் தடுக்கறது?

தீம் கோப்பைத் தவிர வேறெங்கும் கலர்ஸ் என்ற வகுப்பின் பெயர் வந்தால் நிரலை ஏற்காதபடி ஒரு சிறு தேடலை உங்கள் சரிபார்ப்பில் சேர்த்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, வேண்டிய பெயர் தீமில் இருக்க வேண்டும். ஒருவர் நேரடியாக நிறம் எழுதினால், அவர் சோம்பலால் எழுதினார் என்று கொள்ளாமல், எந்த வேலைக்குப் பெயர் இல்லாமல் போனது என்று கேளுங்கள். முட்டை விலையின் நிறங்களுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே, புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எரர் நிறத்தை எடுத்து வைத்துவிட்டு, இது சரியாகத் தோன்றவில்லையே அண்ணா என்று வந்து நின்றபோதுதான்.

எல்லாப் பொத்தான்களையும் அட்டைகளையும் உள்ளீட்டுப் பெட்டிகளையும் ஒரே இடத்தில் காட்டும் திரை ஒன்றைச் செயலிக்குள்ளேயே வையுங்கள். அதில் உங்கள் செயலியின் மிக நீளமான தமிழ்ச் சொற்களை இடுங்கள். பகல், இரவு, பெரிதாக்கிய எழுத்து என மூன்று நிலைகளில் அதைப் படமெடுத்து வைத்து, தீமில் கை வைக்கும்போதெல்லாம் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.